பொட்டி தட்டுறவனும் ஒரு ரீமரும்

முதல்லயே ரெண்டு டிஸ்கி போட்டுடறேன் மக்கா. ஒண்ணு, இது துப்பாக்கி சம்பந்தப்பட்ட பதிவு. ஆனா சுடுற சீன் கடைசியில கொஞ்சூண்டுதான், அதுவும் காகிதத்தை. ரெண்டு, என்கிட்ட துப்பாக்கி கிடையாது. அமெரிக்காவுல என்னை மாதிரி வேலை விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதை இங்கத்த ஃபெடரல் சட்டம் பொதுவா தடுக்குது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, நான் அதுக்கெல்லாம் போகல. இந்தக் கதையில என் பங்கு ஒரு எக்செல் ஷீட்டு, ஒரு டயல் கேஜ், கோயமுத்தூருக்கு சில போன் கால். அவ்வளவே :)

நான் இருக்கறது ஓஹையோவுல. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 78 வயசு. நாப்பது வருஷத்துக்கு மேல டூல் மேக்கரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் வீட்டு கராஜ்ல கார் நிக்காது, ஒரு பழைய லேத்துதான் நிக்கும். குளிர்காலத்துல வாசல்ல பனி அள்ளிட்டு இருந்தப்ப அந்தப் பக்கமிருந்து கட்டிங் ஆயில் வாசம் வந்துச்சு. உள்ளே எட்டிப் பாத்தேன். அப்படி ஆரம்பிச்ச சிநேகம்.

கட்டிங் ஆயில் வாசத்துக்கு நான் ஏன் எட்டிப் பாக்கணும்? கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்கப்பாவுக்கு கணபதியில லேத்துப் பட்டறை. ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷினு, வேலைக்கு ஒரு ஆளு. பம்ப் செட்டு பார்ட்ஸ் கடைஞ்சு குடுத்துத்தான் என்னைப் படிக்க வச்சார். 'உன்ற கையில எண்ணெய் படக்கூடாது கண்ணு'ங்கறது அவரோட ஒரே வேண்டுதல். மெக்கானிக்கல் படிச்சேன், கேம்பஸ்ல ஒரு கம்பெனி வந்துச்சு, எண்ணெய் படல. ஏழு வருஷமா ஆணி புடுங்கிட்டு இருக்கேன், கீ போர்டுல மட்டும்.

பெரியவருக்கு ஒரு பேத்தி, 13 வயசு. ஸ்மால்போர்னு சொல்ற .22 ரைஃபிள் போட்டியில, படுத்துக்கிட்டு சுடுற பிரிவுல சுடறா. ஒலிம்பிக்ல 50 மீட்டர் ரைஃபிள்னு பாக்கறோமே, அதே வகை. 2024 பாரிஸ்ல நம்ம ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அந்தப் போட்டியும் இந்த .22 ரைஃபிள்லதான். 50 மீட்டர் தள்ளி இருக்கற அட்டையில பத்து மார்க்கு வட்டத்தோட விட்டம் 10.4 மில்லிமீட்டர். நம்ம சட்டைப் பட்டன் அளவு. பாப்பா அதுவரைக்கும் கிளப்போட ரைஃபிளை இரவல் வாங்கித்தான் சுட்டுட்டு இருந்தா. தாத்தா அவளுக்குன்னு ஒண்ணு செய்ய முடிவு பண்ணினார். ஆக்‌ஷன் கையில இருந்துச்சு. புது பாரல் வாங்கி வச்சாச்சு. மிச்சம் இருந்தது சேம்பர் வெட்டற வேலை. அதுக்கு ஒரு ரீமர் வேணும். எந்த ரீமர்?

'அடப்பாவி, கடையில போய் .22 ரீமர் குடுங்கன்னு கேட்டா முடிஞ்சுதே'ன்னு நானும் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு ஒரு கேட்டலாகைத் தூக்கிப் போட்டார். ஒரே தோட்டாவுக்கு ஏகப்பட்ட ரீமர். ஸ்போர்ட்டிங், மேட்ச், பென்ட்ஸ், வின்செஸ்டர் 52டி, ஈலி தோட்டாவுக்குன்னே தனியா ஒண்ணு. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் பாத்தா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு. பட்டறை பாஷையில ஒரு தவ், ரெண்டு தவ். ஒரு தவ்வுன்னா 25 மைக்ரான். தலைமுடி கூட அதைவிட மொத்தம்.

இந்த ஒரு தவ்வுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு புரியணும்னா .22 தோட்டாவைப் பத்திக் கொஞ்சம் தெரியணும். .22 லாங் ரைஃபிள் 1887ல வந்த தோட்டா. அடிப்பாகத்து விளிம்புக்குள்ள வெடிமருந்துப் பசை இருக்கும், ஊசி அந்த விளிம்பை நசுக்கினா தீப்பிடிக்கும். அதனாலதான் ரிம்ஃபயர்னு பேரு. பெரிய துப்பாக்கிக்காரங்க நடுவுல ப்ரைமர் வச்ச தோட்டாவை வீட்டுலயே மறுபடி நிரப்பிக்குவாங்க. மருந்து எவ்வளவு, புல்லட் எவ்வளவு உள்ளே போகணும், எல்லாம் அவங்க இஷ்டம். சேம்பருக்குத் தகுந்த மாதிரி தோட்டாவைச் செஞ்சுக்கலாம். ரிம்ஃபயர்ல அந்தப் பேச்சே கிடையாது. ஃபேக்டரி என்ன குடுக்குதோ அதுதான். தோட்டா வளையாது, அதனால துப்பாக்கிதான் வளையணும். அந்த வளையற இடம் சேம்பர். மொத்தத் துப்பாக்கியிலயும் 'இந்தத் தோட்டாவுக்காக நான்'னு சொல்லக்கூடிய ஒரே ஒரு அங்குலம் அதுதான். அந்த ஒரு அங்குலத்தோட அச்சு ரீமர்.

இன்னொரு சங்கதி. இந்தத் தோட்டாவுல புல்லட்டோட விட்டமும் பித்தளை உறையோட விட்டமும் ஏறக்குறைய ஒண்ணு. புல்லட்டோட பின்பாகம் மட்டும் கொஞ்சம் ஒல்லியாகி உறைக்குள்ள சொருகி இருக்கும். மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு. புல்லட்டு மெத்துனு ஈயம். அது சேம்பருக்குள்ள கோணலா உக்காந்தா கோணலாவே ரைஃபிளிங்குக்குள்ள நுழையும், ஈயம் கோணலா அமுங்கும், அந்தக் கோணல் 50 மீட்டர் தள்ளித் தெரியும். நேரா நுழைய வைக்கறதுதான் மேட்ச் சேம்பரோட மொத்த வித்தையும். அகலத்தைக் குறைச்சு தோட்டா ஆடாம பண்ணும். நீளத்தைக் குறைச்சு, போல்ட்டை மூடும்போதே புல்லட்டோட மூக்கை ரைஃபிளிங்குல லேசாக் கவ்வ வைக்கும். சேம்பர் முடிஞ்சு ரைஃபிளிங் ஆரம்பிக்கற இடத்துல செங்குத்தா இல்லாம ஒன்றரை, ரெண்டு டிகிரி சரிவு குடுத்து மெதுவா வழிகாட்டும்.

அப்ப எல்லாத்தையும் இறுக்கமாவே வெட்டிடலாமே? இங்கதான் நான் எக்செலைத் தொறந்தேன். நம்ம தொழில்ல கஸ்டமர் எது கேட்டாலும் முதல்ல ஷீட்டு போடணுமில்ல.

ஸ்போர்ட்டிங் சேம்பர்: இது நம்ம ஊரு சர்க்கார் பஸ்ஸு. யாரு வந்தாலும் ஏத்திக்கும். எந்தக் கம்பெனித் தோட்டாவும் நுழையும், அழுக்கு சேந்தாலும் நுழையும். பழைய போன், பழைய பிரவுசர் எல்லாத்துலயும் ஓடணும்னு எழுதற வெப்சைட் மாதிரி. ஓடும், ஆனா எதுலயும் பிரமாதமா ஓடாது. புல்லட்டு ரைஃபிளிங்கைத் தொடறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் தாண்டணும்.

பென்ட்ஸ்: நடுவாந்தரம். தானா லோடு ஆகற துப்பாக்கியில மேட்ச் தோட்டா சுடறவங்களுக்காக வந்தது. ஸ்போர்ட்டிங்கை விடக் குட்டை, அசல் மேட்ச் சேம்பர் அளவுக்குக் குட்டை இல்ல. சுடாத தோட்டாவை வெளியே எடுத்தாலும் சிக்காம வரணும்ங்கறது அதோட கணக்கு.

52டி மாதிரி மேட்ச் சேம்பர்கள்: வின்செஸ்டர் 52ங்கறது 1920ல இருந்து 1980 வரைக்கும் வந்த பேர் பெத்த டார்கெட் ரைஃபிள். இந்தச் சேம்பர்ல புல்லட்டு நல்லாவே ரைஃபிளிங்குல உக்காரும். கையால ஒவ்வொண்ணா போட்டு மூடற போல்ட் ரைஃபிளுக்கானது.

அதையும் விட இறுக்கமான, ஒரு குறிப்பிட்ட தோட்டாவையே மனசுல வச்சு வரைஞ்ச ரீமர்கள்: பெஞ்சுல துப்பாக்கியை வச்சு, ஒரே பொட்டுல ஓட்டை போடறவங்களோட சமாச்சாரம். அந்தத் தோட்டா கிடைச்சா சொர்க்கம். கிடைக்கலைன்னா?

இறுக்கத்துக்கு விலை உண்டு. சிசிஐ ஸ்டிங்கர்னு ஒரு வேகமான தோட்டா இருக்கு. உறை வழக்கத்தை விட நீளம். அதை மேட்ச் சேம்பர்ல போடாதேன்னு அந்தக் கம்பெனியே சொல்லுது. உறையோட வாய் ரைஃபிளிங்குக்குள்ள நெருக்கிக்கிட்டா பிரஷர் ஏறிடும். அப்புறம் சுத்தம். குட்டை சேம்பர்ல உறை வாய்க்கு முன்னாடி கரியும் மெழுகும் வளையமாப் படியும், படிஞ்சா அடுத்த தோட்டா நுழைய முரண்டு பண்ணும்.

ஷீட்டுல துல்லியம்ங்கற காலத்துக்கு அதிக வெயிட்டேஜ் குடுத்தேன். நாலாவது வகைதான் ஜெயிச்சுது. பெருமையா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைக் கழட்டிட்டு ரொம்ப நேரம் பக்கத்துல வச்சுப் பாத்தார். அப்புறம் ஒரு சம்பவம் சொன்னார்.

போன சீசன்ல ஒரு மேட்ச். பாப்பா கிளப் ரைஃபிள்ல தோட்டா போட்டு மூடிட்டா. சுடறதுக்குள்ள ரேஞ்சு ஆபீசர் 'சீஸ் ஃபயர்' சொல்லிட்டார். சொன்னா உடனே போல்ட்டைத் தொறந்து தோட்டாவை வெளியே எடுத்தாகணும், பேச்சுக்கே இடமில்ல. தொறந்தா பித்தளை உறை மட்டும் வந்துச்சு. புல்லட்டு ரைஃபிளிங்குல கவ்விக்கிட்டு உள்ளேயே நின்னுடுச்சு. உறைக்குள்ள இருந்த மருந்துப் பொடி ஆக்‌ஷன் முழுக்கக் கொட்டிப் போச்சு. அந்தக் குழந்தை எல்லார் முன்னாடியும் ஒண்ணும் புரியாம கையைத் தூக்கிட்டு நின்னிருக்கா. புல்லட்டைத் தள்ளி எடுத்து, சுத்தம் பண்ணி முடிக்கறதுக்குள்ள அவளுக்கு மனசு விட்டுப் போச்சு. இன்னொண்ணும் சொன்னார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை மூட அவ தோள்பட்டையையே சாய்ச்சு அழுத்த வேண்டியிருக்கு. படுத்து சுடறதுல உடம்பு அசையவே கூடாது. அறுபது தோட்டாவுக்கு அறுபது தடவை அசைஞ்சா, சேம்பர் எவ்வளவு துல்லியமா இருந்து என்ன?

'ரெண்டு விரல்ல மூடணும். அதுதான் ஸ்பெசிஃபிகேஷன்'னார். அப்படி ஒரு காலமே என் ஷீட்டுல இல்ல. உடனே சேர்த்தேன்.

அதுக்கப்புறம் வேலையே தலைகீழா நடந்துச்சு. ரீமர் தேடறதை நிறுத்திட்டு, அவ எந்தத் தோட்டாவைச் சுடப் போறான்னு கேட்டோம். உச்ச விலைத் தோட்டா மேட்சுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும், பயிற்சிக்கு நடுத்தர விலையில ஒண்ணு. ரெண்டும் அதே சேம்பர்ல சரியா உக்காரணும். பெரியவர் தோட்டாவை மைக்ரோமீட்டர்ல அளப்பார், எண்ணைச் சொல்லுவார், நான் தட்டுவேன். ரீமர் கம்பெனிக்காரங்க ஒவ்வொரு ரீமருக்கும் வரைபடம் தருவாங்க. அந்த எண்ணு பக்கத்துல இந்த எண்ணு. எங்கே எத்தனை தவ் காலி, எங்கே புல்லட்டு தொடும்னு பாத்தோம்.

அப்படி மூணு முடிவு எடுத்தோம். முதல்ல, அகலம், சரிவு ரெண்டும் மேட்ச் வகை. இதுல சமரசம் இல்ல. ரெண்டாவது, விளிம்புக்கான பள்ளத்தையும் சேர்த்தே வெட்டற ரீமர் வேண்டாம். அதுல நீளம் முன்கூட்டியே முடிவாகிடும். இவர்கிட்ட இருந்த ஆக்‌ஷன்ல விளிம்பு போல்ட் முகத்துலயே உக்காரும். அதனால ரீமரை எவ்வளவு ஆழம் விடறோமோ அவ்வளவுதான் புல்லட்டு கவ்வறது. ஆழமா விட்டா லேசாக் கவ்வும், மேலாக நிறுத்தினா பலமாக் கவ்வும். ரெண்டு விரல் கணக்கை அங்கே வச்சுக்கலாம். மூணாவது, முன்னாடி வழிகாட்டற பைலட்டு கழட்டி மாட்டற வகையா இருக்கணும். பாரலுக்குப் பாரல் துளை ஒரு துளி மாறும். பைலட்டு வளையங்கள் 0.0002 அங்குல இடைவெளியில வரிசையாக் கிடைக்குது, பொருந்தறதைப் போட்டுக்கலாம்.

ரீமர் வாடகைக்கும் இங்கே கிடைக்கும். ஆனா ஒவ்வொரு தடவை சாணை பிடிக்கும்போதும் ரீமர் ஒரு துளி இளைக்கும். இளைச்ச ரீமர் வெட்டற சேம்பரும் இளைச்சுத்தான் இருக்கும். வரைபடத்தை நம்பி இவ்வளவு கணக்குப் போட்டுட்டு யாரோ தேய்ச்ச ரீமரை வாங்கறதுல அர்த்தமில்ல. புதுசே வாங்கினார். கார்பைடா ஹைஸ்பீடு ஸ்டீலான்னு நான் கேட்டதுக்கு, 'எனக்கு இன்னும் ஒரு பாரல்தான் பாக்கி'ன்னார். ஹைஸ்பீடே போதும்னு அர்த்தம். அந்த வார்த்தைக்கு வேற அர்த்தமும் இருந்துச்சு. அவருக்கு நடுப்பார்வை மங்கிட்டு வருது. டயலோட முள்ளு அவருக்குத் தெரியல. அதனாலதான் என்னைக் கூப்பிட்டிருக்கார்னு அப்பத்தான் புரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். எங்களுக்குள்ள வழக்கமா மூணு கேள்விதான். 'சாப்ட்டியா', 'குளிருதா', 'விசா என்னாச்சு'. அன்னிக்கு நான் 'அப்பா, ரீமரைப் பத்திக் கேக்கணுமுங்க'ன்னேன். அந்தப் பக்கம் அரை நிமிஷம் சத்தமே இல்ல.

'உனக்கெதுக்கு கண்ணு ரீமரு?'

சொன்னேன். அப்பா துப்பாக்கியை சினிமாவுல பாத்ததோட சரி. ஆனா ஓட்டையைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல. 'நல்லாக் கேட்டுக்கோ. ரீமரு ஓட்டையை நேராக்காது. இருக்கற ஓட்டை பின்னாலயே போகும். ஓட்டை கோணலா ஓடுச்சுன்னா ரீமரும் கோணலாத்தான் போகும். அதனால மொதல்ல ஓட்டைக்கு டயல் போடு, வெளிப்பக்கத்துக்கு இல்ல. ரீமரை எந்தக் காரணத்துக்கும் பின்னால சுத்தாதே, முனை போயிரும். சுருளு சேந்துச்சுன்னா வெளிய எடுத்துத் தொடைச்சுட்டு அப்பறமா உடு. எண்ணெயைக் கஞ்சத்தனம் பண்ணாதே. ரீமரை இறுக்கிப் புடிக்காதே, கொஞ்சம் ஆட உடோணும். டெயில் ஸ்டாக்கு என்னதான் சரியா இருந்தாலும் ஒரு நூலு தள்ளித்தான் நிக்கும். இறுக்கிப் புடிச்சீன்னா வாய் அகண்டு போயிரும்.'

மறுநாள் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் பெரியவர், ஆடற மாதிரி ரீமரைப் பிடிக்கற ஹோல்டரை டிராயர்லருந்து எடுத்து மேசை மேல வச்சார். 'உங்கப்பா எவ்வளவு வருஷமா துப்பாக்கி செய்யறார்?'னு கேட்டார். பம்ப் செட்டுன்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார்.

வெட்டின நாள்ல அதிகமாச் சொல்ல ஒண்ணுமில்ல. லேத்துல மாட்டியிருந்தது துப்பாக்கி இல்ல, ஒரு ஸ்டெயின்லெஸ் குழாய். இங்கத்தச் சட்டப்படியும் பாரல் மட்டும் துப்பாக்கி ஆகாது. பாதி நாள் போனது துளையை நடுவுல கொண்டு வர்றதுக்கே. நாலு தாடை சக்கை அவர் திருப்புவார், நான் டயல் முள்ளைப் பாத்து 'இன்னும் அரை தவ், கால் தவ்'னு சொல்லுவேன். முள்ளு அசையாம நின்னப்ப வெளியே இருட்டிப் போச்சு. வெட்டறது மறுநாள். லேத்து மெதுவாச் சுத்த, டெயில் ஸ்டாக்கை நான் திருப்பினேன். ஒரு மில்லிமீட்டர் போறது, வெளிய எடுக்கறது, தொடைக்கறது, எண்ணெய், மறுபடி. அவர் கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை மட்டும் கேட்டுட்டு இருந்தார். ஒரு இடத்துல 'நிறுத்து'ன்னார். எனக்கு எந்த வித்தியாசமும் கேக்கல. எடுத்துப் பாத்தா ரீமரோட ஒரு பல்லு இடுக்குல சுருள் அடைச்சிருந்துச்சு. கடைசிச் சில தவ்வை அளந்து அளந்து விட்டோம். ரைஃபிளிங் புல்லட்டுல பதியற தடம் லேசா, சுத்தியும் சமமா வர்ற இடத்துல நிறுத்தச் சொன்னார். இன்னும் ஒரு பிடி பலமா வச்சிருக்கலாம். பெஞ்சுக்காரங்க வச்சிருப்பாங்க. அவர் வைக்கல.

அன்டூ இல்லாத வேலை இதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். முழுக்க அப்படி இல்ல. ஆழம் அதிகமாப் போச்சுன்னா பாரலோட பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிட்டு, மரை போட்டு, மறுபடி சேம்பர் வெட்டலாம். பாரல் குட்டையாகும், அவ்வளவுதான். ஆனா அதுக்கு ஒருத்தர் இருக்கணும். அவர் அதை வாய்விட்டுச் சொல்லல.

ரேஞ்சுக்கு நானும் போனேன், கோட்டுக்குப் பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்து பாக்க. பாப்பா படுத்தா, தோட்டாவை வச்சா, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான். போல்ட்டு மூடிக்கிச்சு. தோள்பட்டை அசையல. பெரியவருக்கு அட்டை தெரியாது, அதனால அவர் பாத்துட்டு இருந்தது அவளோட தோள்பட்டையைத்தான். 50 கெஜத்துல அஞ்சு தோட்டா அரை அங்குலத்துக்குள்ள. அதே விலையில வேற லாட்டுத் தோட்டா போட்டா அது கொஞ்சம் விரிஞ்சுது. ரிம்ஃபயர்ல இது சகஜம், ஒரே பேர் போட்ட பெட்டியிலயே லாட்டுக்கு லாட்டு குணம் மாறும். நல்ல லாட்டு எதுன்னு தேடறது அடுத்த வேலை, அதுக்கு ரீமர் உதவாது. நடுவுல தாத்தா வேணும்னே 'சீஸ் ஃபயர்'னு ஒரு சத்தம் போட்டார். அவ போல்ட்டைத் தொறந்தா. முழுத் தோட்டாவும் மூக்குல நாலஞ்சு மெல்லிசுக் கீறலோட வெளியே வந்து விழுந்துச்சு. அவ அதைப் பாத்துட்டுத் திரும்பி தாத்தாவைப் பாத்தா.

'எது நல்ல ரீமர்'னு தேடினா ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவாங்க, எல்லாருமே அவங்கவங்க வரைக்கும் சரிதான். யாருக்கு, எந்தத் தோட்டாவுக்கு, எந்தக் கைக்குன்னு கேட்டதுக்கப்புறம் எங்களுக்கு மிஞ்சினது ஒண்ணே ஒண்ணுதான். ஆபீசுல அடுத்த தடவை 'பெஸ்ட் ஃபிரேம்வொர்க் எது'ன்னு மீட்டிங் போட்டா இந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன், மேனேஜர் என்ன நினைச்சாலும் சரி.

அப்பாவோட போன்ல இப்ப நாலாவது கேள்வி ஒண்ணு சேந்திருக்கு. 'அந்த ஓட்டை எப்படி வந்துச்சு?' போன வாரம் வீடியோ கால்ல பரண் மேல கிடந்த அவரோட ரீமர் பெட்டியை இறக்கி ஒவ்வொண்ணாக் காட்டினார். எல்லாம் எண்ணெய் போட்டுத் துணியில சுத்தி வச்சிருக்கார். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப பட்டறையில பத்து நாள் நிக்கப் போறேன்னு சொன்னேன். 'எண்ணெய் படுமே கண்ணு'ன்னார். வேண்டாம்னு சொல்லல.

மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பொட்டி தட்டற மக்கள் இங்க நிறையப் பேரு இருக்கீங்கன்னு தெரியும். கடைசியா எப்ப லேத்தைத் தொட்டீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. காலேஜ் ஒர்க்‌ஷாப் லேப் கணக்குல வராது :)